வன்னியில் பிள்ளைகளோடு ஒரு நாள்: மிருகக்காட்சிசாலை இல்லாத ஊரில் எங்கே போவது?

கொழும்பிலிருந்து மாற்றலாகி வவுனியாவுக்கு வந்து ஆறு மாதம், மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு, அங்கே என்றால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல் என்று ஞாயிற்றுக்கிழமை ஓடிவிடும், இங்கே ஒன்றுமே இல்லை, இரண்டு பேரும் போனும் கையுமாக இருக்கிறார்கள், எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் இதை இப்படி விளங்கிக்கொண்டேன்: நான்கு வயதுக்கும் ஒன்பது வயதுக்கும் ஒரே நாளில் பிடிக்க வேண்டும், வெயிலில் வாடக் கூடாது, பெரிய காசு போகக் கூடாது, பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ப் பொழுதுபடும் முன் வீடு வர வேண்டும். இடங்களின் பெயரை யாரும் சொல்வார்கள். அந்த நாள் அழுகையில் முடியாமல் இருக்க என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வுபெற்றவள். சண்டை ஓய்ந்த பிறகு சுற்றுலாக்கள் மறுபடி தொடங்கியபோது, தரம் மூன்று, நான்கு பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வேலை வருடா வருடம் என் தலையில்தான் விழுந்தது. இப்போது பேரப்பிள்ளைகள். கீழே சொல்வதில் பாதி நான் பிழைவிட்டுப் படித்தது. முதல் பிழை இது. ஒரு ஓகஸ்ட் மாதம் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மடு, திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, தலைமன்னார் இறங்குதுறை என்று ஒரே நாளில் நான்கு இடம் போட்டேன். மன்னாரைத் தொடும்போதே பத்துப் பேர் சத்தி. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னேன். கோட்டையைப் பற்றி எழுதியவர்கள் மூன்று பேர். மற்ற எல்லோரும் எழுதியது, பஸ்ஸுக்குக் காற்றுப் போய் நடுவழியில் நின்றபோது ஒரு குரங்கு வந்து ஒரு பிள்ளையின் பணிஸைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறியதை. டயர் மாற்றும் வேலையை எப்படிச் செய்தார்கள் என்று வரிசை பிசகாமல் எழுதியவனும் இருந்தான்.

அன்றைக்கு எனக்கு விளங்கிய இரண்டு விஷயங்களை இன்றுவரை மாற்றவில்லை. ஒரு நாளுக்கு ஒரு இடம். அந்த இடத்தில் ஏதாவது நடந்துகொண்டிருக்க வேண்டும்: வலை இழுப்பது, தண்ணீர் பாய்வது, ரயில் வருவது, மாடு குளிப்பது. கட்டடம் எவ்வளவு பழசாக இருந்தாலும் நான்கு வயதுப் பிள்ளைக்கு அது சுவர்தான். ஒன்பது வயதுக்காரிக்குக் கதை சொன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள். தம்பிக்காரன் அந்த நேரத்தில் எறும்புப் புற்றைத் தேடிப் போய்விடுவான். அவனை அங்கேயே விடுங்கள். எறும்புப் புற்றும் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது நேரம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்திலும் சூரியன் நம்முடைய உச்சிக்கு நேரே நிற்கும். பார்த்தால் பள்ளிக்கூட விடுமுறையும் ஏறத்தாழ அந்த நாட்களில்தான். கடற்காற்று வவுனியாவரை எட்டாது. ஏ-9 வீதியின் தார் மத்தியானத்தில் செருப்பைத் தாண்டிச் சுடும். ஆகவே காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும், பதினொரு மணிக்கு நிழலுக்குள் போய்விட வேண்டும், மூன்றரைக்குப் பிறகுதான் மறுபடி வெளியே. நடுவில் உள்ள நான்கரை மணித்தியாலத்துக்கு மரம் வேண்டும், பாய் வேண்டும், சாப்பாடு வேண்டும், ஒரு நித்திரை வேண்டும். இந்த நிழலை முதலில் தெரிவுசெய்துவிட்டுப் பிறகு இடத்தைத் தெரிவுசெய்கிறவள் நான். மழை ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரைக்கும் போகும். அப்போது கணக்கு வேறு. குளங்கள் நிறையும், பறவைகள் வரும், பாதைகள் கெடும்.

சரி, வவுனியா டவுனில் இருந்தே தொடங்குகிறேன். தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. வன்னிக் காடுகளில் கிடைத்த கற்சிலைகள் அங்கே உள்ளன. சிறியது, அரை மணித்தியாலத்தில் பார்த்து முடியும், அதுவே பிள்ளைகளுக்கு நல்லது. திறக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள், விடுமுறை நாட்களை நம்ப முடியாது. வெள்ளைக்காரரோடு சண்டைபிடித்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் சிலையை மகள் தினமும் கடந்துதான் போவாள். ஆள் யார் என்று கேட்டுப்பாருங்கள், தெரிந்திருக்காது. கதையைச் சொல்லிவைத்தால் ஒருநாள் ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவுக்குக் கூட்டிப்போகலாம். 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் அவனைத் தோற்கடித்த இடம் என்று வெள்ளைக்காரர் நட்ட கல் அங்கே இருந்தது. தோற்கடித்தவன் நட்ட கல்லில் தோற்றவனின் பெயரைத்தான் ஊர் இன்னும் சொல்கிறது என்று ஒரு மாணவி என்னிடம் சொன்னாள். எட்டு வயது.

டவுனுக்குள்ளே பின்னேரத்துக்குச் சிறந்தது வவுனியாக் குளத்தின் கட்டும் அதன் பக்கத்துப் பூங்காவும். ஐந்து மணிக்குப் பிறகு போனால் ஊஞ்சலுக்கு வரிசை, ஐஸ்கிறீம் வான், கொக்குகள் திரும்பி வரும் நேரம், எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும். முழு நாள் வேண்டாத வாரங்களில் இது போதும். ஒரு எச்சரிக்கை: யாராவது வவுனிக்குளத்துக்குப் போங்கள் என்று சொன்னால் அது இதுவல்ல. வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கம், பாலியாற்றை மறித்துக் கட்டிய பெரிய குளம். அழகான இடம். ஆனால் டவுன் குளம் என்று நினைத்து ஓட்டோ பேசினால் காசு அழுவீர்கள்.

முதல் நீண்ட பயணத்துக்கு ரயிலைச் சொல்வேன். பிள்ளைகளுக்கு ரயில்தான் இடம், போய்ச் சேரும் ஊர் அதன் வால். வவுனியாவில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்குங்கள், முடிந்தால் ஆனையிறவு தாண்டும்வரை போங்கள். கோடையில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி வெளுத்துக் கிடக்கும், உப்பு வயல்களில் குவியல் நிற்கும். தண்ணீர் வற்றி உப்பாவதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு தட்டில் உப்புத் தண்ணீரை வெயிலில் வைத்துவிட்டு வந்தால் திரும்பி வந்து ஒப்பிட்டுப் பார்ப்பாள் மகள். கிளிநொச்சிக்கு 2013 செப்டெம்பரில்தான் ரயில் மறுபடி வந்தது, இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு. அந்த நாட்களில் பத்து வயதுப் பிள்ளைகள் தண்டவாளத்துப் பக்கம் ஓடிப்போய் நின்று பார்த்தார்கள். அவர்களுடைய தாய்மாரில் பலருக்கும் அதுதான் முதல் ரயில். ரயில் நேரத்தையும் அன்றைக்கு ஓடுகிறதா என்பதையும் முதல்நாள் நிலையத்தில் கேளுங்கள், பழைய அட்டவணையை நம்பி நான் இரண்டு தரம் ஏமாந்திருக்கிறேன்.

பஸ்ஸில் போனால் வேறு விளையாட்டு. வவுனியாவிலிருந்து வடக்கே தாண்டிக்குளம், ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்ப்பலகைகள் வரும். குளம் என்று முடிகிறதை மகள் எண்ணட்டும், அப்படி முடியாததற்குக் காரணம் கேட்கட்டும். மடு, மோட்டை, முறிப்பு எல்லாம் தண்ணீர்ப் பெயர்கள்தான் என்று விளங்கும்போது, இந்த ஊரில் யார் எங்கே குடியிருந்தார்கள், ஏன் அங்கே இருந்தார்கள் என்பதை நீங்கள் சொல்லத் தேவையில்லை. மாங்குளம் தாண்டினால் முறிகண்டிப் பிள்ளையார். எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது. தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வறுக்கும் வாசம் அடிக்கும். சுடச்சுடக் கச்சான் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தால் மீதி வழி அமைதி. நான்கு வயதுக்காரனுக்கு மட்டும் முழுக் கச்சானைக் கொடுக்காதீர்கள், ஓடும் பஸ்ஸில் தொண்டையில் சிக்கும். நசுக்கிக் கொடுங்கள்.

இரணைமடுவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன், எனக்கு அது பிடித்த இடம். கிளிநொச்சி டவுனிலிருந்து ஓட்டோவில் கொஞ்சத் தூரம். கனகராயன் ஆற்றை மறித்து, ஆங்கிலேயர் காலத்தில், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. பிறகு பல தடவை குளக்கட்டை உயர்த்தினார்கள். 2018இல் முடிந்த வேலைக்குப் பிறகு நிறைகொள்ளளவு 36 அடி. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இதுதான். உங்கள் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில்தான் பிறக்கிறது. அது வடக்கே ஓடி இரணைமடுவில் தேங்கி, மிச்சம் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் கலக்கிறது. உங்கள் மாவட்டத்தில் பெய்த மழைதான் இங்கே கிடக்கிறது என்று குளக்கட்டில் நின்று சொல்லிப்பாருங்கள். என் மாணவன் ஒருவன், அப்படியென்றால் எங்கள் வளவுத் தண்ணீர் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று கேட்டுப் பாதித் தூரம் தேடிக்கொண்டே நடந்தான்.

பக்கத்தில் கனகாம்பிகை அம்மன் கோவில் இருக்கிறது. நிழலும் தண்ணீரும் அங்கே கிடைக்கும், மத்தியானத்தைக் கழிக்கலாம். கார்த்திகை, மார்கழியில் குளம் நிறைந்து வான் பாய்கிறது என்று செய்தி வந்தால் சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். வான்கதவு வழியே தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டால் சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். தூரத்தில் நின்று பார்க்க வேண்டிய காட்சி அது. கீழே இறங்கி மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்து உங்கள் ஆட்களும் இறங்கக் கேட்பார்கள். இறக்காதீர்கள்.

குளத்துத் தண்ணீரைப் பற்றி நான் கண்டிப்பாகத்தான் பேசுவேன். கடலைக் கண்டு பயப்படுகிறவர்கள் குளத்தைக் கண்டு பயப்படுவதில்லை, அலை இல்லாததால். குளத்தின் அடி சமமாக இராது. மண் அள்ளிய கிடங்குகள் இருக்கும், முழங்கால் தண்ணீரில் நடக்கிற பிள்ளை அடுத்த அடியில் காணாமல் போகும். துருசு, அதாவது குளத்து மதகு, திறந்திருந்தால் அதன் வாயருகே தண்ணீர் உள்ளே இழுக்கும், மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. வான் பாயும் சீமெந்துத் தளத்தில் பாசி எண்ணெய் மாதிரி வழுக்கும். ஒரு தடவை ஒரு குளத்தில், நான் நான்கு அடி தள்ளி நிற்கும்போதே ஒரு பெடியன் அதில் சறுக்கினான். சேட்டைப் பிடித்து இழுத்தது பக்கத்தில் துணி தோய்த்த ஒரு அம்மா. அந்த வருடம் முழுக்க எனக்கு நித்திரை சரியாக வரவில்லை. அதோடு, வன்னிக் குளங்களில் முதலை உண்டு. இந்தக் குளத்தில் இல்லை என்று யார் சொன்னாலும் கணக்கில் எடுக்க வேண்டாம். மழைக்காலத்தில் முதலை ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும். குளிக்க வேண்டுமென்றால் ஊர்ச்சனம் தினம் குளிக்கும் துறையில், அவர்கள் இருக்கும்போது, வாளியால் அள்ளி ஊற்றுங்கள். வாளிக் குளிப்பு பிள்ளைகளுக்கு நீச்சலைவிடச் சந்தோஷம்.

முழு நாள் நிழல் வேண்டுமென்றால் மடு. நீங்கள் எந்தச் சமயமோ தெரியாது, மடுவில் அதை யாரும் கேட்பதில்லை. ஒல்லாந்தரின் கெடுபிடிக்குத் தப்பி, மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்ததாகப் பரம்பரைக் கதை. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து போனார். பிள்ளைகளுக்கு அதைவிட முக்கியம், பெரிய மரங்களுக்குக் கீழே துப்புரவான மண், ஓட இடம், குரங்குகள். பாய் விரித்துச் சாப்பிட்டுப் படுக்கலாம், ஒருவரும் எழுப்ப மாட்டார்கள். ஓகஸ்ட் 15 திருவிழாவை ஒட்டி மட்டும் நான்கு வயதுப் பிள்ளையோடு போகாதீர்கள். இலட்சக்கணக்கில் சனம் கூடும், கைவிட்டுப் போனால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. குரங்குக்குச் சாப்பாடு காட்டக் கூடாது என்று நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை, பணிஸ் கதையை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மன்னாரை வன்னியில் சேர்ப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். தேர்தல் மாவட்டம் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது, நானும் சேர்த்துக்கொள்கிறேன். வவுனியாவிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீற்றர், பஸ்ஸில் காலை போய்ப் பின்னேரம் வரலாம். நவம்பரிலிருந்து மார்ச் வரைக்குள் போங்கள். தீவுக்குப் போகும் பாலத்தடியிலும் வங்காலைப் பக்கத்து நீர்நிலைகளிலும் வடக்கிலிருந்து வரும் பறவைகள் நிறைந்திருக்கும். வங்காலைச் சரணாலயம் 2010இலிருந்து உலக அளவில் பாதுகாக்கும் ராம்சர் ஈரநிலங்களில் ஒன்று. பூநாரை தெரிந்தால் அதிர்ஷ்டம். தண்ணீரின் மட்டத்தைப் பார்த்து அவை இடம் மாறும், போன வாரம் நின்ற இடத்தில் இந்த வாரம் நிற்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே பிள்ளைகளிடம் பூநாரை காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். கழுதை காட்டுகிறேன் என்று கொடுங்கள். மன்னார் டவுனில் கழுதைகள் கடை வாசலில் நிற்கும், பஸ் தரிப்பில் நிற்கும், அது ஒருநாளும் பொய்க்காது.

மன்னார்ப் பள்ளிமுனையில் பெருக்கமரம் ஒன்று இருக்கிறது. உயரம் பெரிதில்லை, ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வியாபாரிகள் ஒட்டகத்துக்குத் தீனியாகக் கொண்டுவந்த மரம், வயது எழுநூறுக்கு மேல் என்று சொல்வார்கள். சுற்றளவை நீங்களே நூல் பிடித்து அளக்கலாம், அது நிச்சயம். வயதும் ஒட்டகமும் கேள்விப்பட்ட கதை என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒன்பது வயதுப் பிள்ளை அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளும். தரம் நான்கில் கைகோத்துச் சுற்றி நின்றோம், பதினைந்து பிள்ளைகள் தேவைப்பட்டார்கள். மன்னார்க் கோட்டை போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்தது. காலையில் அரை மணித்தியாலம் போதும், சுவரில் ஏற விடாதீர்கள்.

முல்லைத்தீவுக் கடல் உங்கள் மனைவியும் பார்க்க விரும்பும் இடமாக இருக்கும். இங்கே காற்றைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். கிழக்குக் கரை, வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை கொந்தளிக்கும். சோழகம் அடிக்கும் மாதங்களில், அதாவது மே முதல் செப்டெம்பர் வரை, ஒப்பிடும்போது அடங்கிக் கிடக்கும். மன்னார்த் தீவின் தென்கரைக்கு இது தலைகீழ். அடங்கிக் கிடந்தாலும் முல்லைத்தீவில் கரையை விட்டு இரண்டடியில் ஆழம், கீழ்நீர் இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். கடலின் குணத்தை எடைபோடும் அறிவு எனக்கில்லை. கரையில் வாடி என்கிற குடிசையில் இருக்கும் மீனவரைக் கேட்டு, அவர் வேண்டாம் என்றால் மணலில் வீடு கட்டச் சொல்லிவிடுங்கள். விடியற்காலையில் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடிந்தால் அதைவிடப் பெரிய காட்சி பிள்ளைகளுக்கு இல்லை. இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் பூட்டி இழுக்கிறார்கள், ஆனாலும் வலையின் மடி கரைக்கு வரும்போது எல்லோரும் ஓடுவார்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் நந்திக்கடல் ஓரத்தில், நல்ல காற்று. வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கு எரிப்பதாக ஐதீகம். அந்த நாள் கூட்டமும் மடுக் கணக்குத்தான், சின்னவனோடு வேண்டாம்.

அந்தப் பக்கம் போகும்போது ஒன்று வரும். பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாகப் போனால் முள்ளிவாய்க்காலைக் கடந்துதான் போவீர்கள். சின்னவன் கேட்க மாட்டான், மகள் கேட்பாள். இங்கே 2009இல் நிறையச் சனம் செத்துப்போனது, அவர்களுடைய ஆட்கள் இப்போதும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். பிள்ளை மேலே கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். பொய் சொல்லித் திசை திருப்பினால் பள்ளிக்கூடத்தில் வேறு விதமாக அறிந்துகொள்ளும், என் வகுப்புகளில் அது நடந்திருக்கிறது. அந்த மணலில் பாட்டுப் போட்டுச் சாப்பிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மே மாதத்தில் அங்கே வருகிறவர்கள் அழ வருகிறவர்கள். உங்கள் பந்து விளையாட்டை முல்லைத்தீவு டவுன் கடற்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணிவெடிப் பயம் இன்னும் உண்டா என்று கொழும்பிலிருந்து வருகிறவர்கள் என்னை எப்போதும் கேட்பார்கள். நான் சொன்ன இடங்களும் பாதைகளும் சனம் தினம் நடமாடும் இடங்கள். ஆனால் வன்னி முழுக்கத் துப்புரவாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், முகமாலைப் பக்கம் வெடி அகற்றும் வேலை நீண்டகாலம் இழுத்தது எல்லோருக்கும் தெரியும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைப் பிள்ளைகளுக்குக் காட்டிவையுங்கள். நடந்து தேய்ந்த பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கக் கூடாது, சிறுநீர் கழிக்கவும்தான். நிலத்தில் கிடக்கும் இரும்பு எதையும் தொடக் கூடாது, கண்டால் வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இது பாடமாகவே தெரியும், உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது.

மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் ஏறி ஏ-9இல் போகாதீர்கள். சட்டத்தை விடுங்கள், பின்னால் வரும் சொகுசு பஸ்ஸை நினையுங்கள். இருட்ட முன் வீடு வரச் சொன்னதற்கு யானையும் ஒரு காரணம், மன்னார் வீதியிலும் முல்லைத்தீவு வீதியிலும் பொழுதுபடும் நேரத்தில் கடக்கும். பாம்பைப் பற்றி நான் சொல்லக்கூடியது மருத்துவம் இல்லை, பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பழக்கிவிட்டதுதான். கடித்தால் வெட்டக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடித்த கையையோ காலையோ அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். புடையன் சருகுக்குள் படுத்திருக்கும், ஆகவே காட்டோரத்தில் சப்பாத்து. விறகு, கல்லு எதையும் கையால் புரட்ட வேண்டாம்.

மலசலகூடம்தான் பெண்பிள்ளைகளின் நாளைக் கெடுப்பது, ஆண்கள் யாரும் இதை எழுத மாட்டார்கள். மகள் வாய் திறக்காமல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள், பின்னேரம் தலையிடி வரும். மடுவிலும் ரயில் நிலையங்களிலும் பெரிய கோவில்களிலும் இருக்கிறது, குளக்கட்டுகளில் இராது. வழியில் உள்ள சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். சவர்க்காரத் துண்டு, ஒரு போத்தல் தனித் தண்ணீர் கையில் இருக்கட்டும். சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறுதான் நல்லது. வாட்டிய வாழையிலையில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டினால் மத்தியானம் வரைக்கும் நிற்கும். தேங்காய்ப்பால் விட்ட கறியும் தேங்காய்ச் சம்பலும் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம். ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், கொஞ்சம் உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் தனியாக. கோடையில் வழியில் பாலைப்பழம் விற்பார்கள், கட்டாயம் வாங்குங்கள். பால் உதட்டில் ஒட்டும், முகம் முழுக்கப் பிசுபிசுக்கும், கொழும்பில் கிடைக்காத ருசி. போன் விஷயம்: வீட்டில் வைத்துவிட்டுப் போக நான் சொல்லவில்லை. படம் எடுக்கும் பொறுப்பை மகளிடம் கொடுத்து, நாள் முழுவதற்கும் இருபது படம்தான் என்று எண்ணிக் கொடுங்கள்.

இந்த ஞாயிறே தொடங்குவதென்றால் இரணைமடுவும் ரயிலும். முதல்நாள் நிலையத்தில் நேரம் கேளுங்கள், காலை ரயிலில் ஏறுங்கள், கிளிநொச்சியில் தேநீர், ஓட்டோவுக்குப் போகவரச் சேர்த்துப் பேசுங்கள், ஓட்டோக்காரரின் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பதினொன்றுக்குக் கோவில் நிழல், சாப்பாடு, நித்திரை. மூன்றரைக்குக் குளக்கட்டில் கொஞ்ச நடை. திரும்பும் ரயில் பிந்தினால் பஸ் இருக்கிறது, முறிகண்டியில் நிற்கும். சின்னவனுக்கு ஒரு மாற்றுச் சட்டையும் களிசானும் எடுத்துப்போக மறக்காதீர்கள், எப்படியும் நனைப்பான்.